ஒரு கேத்தல் தண்ணீரில் குளித்தவன்

மோகனராஜ் மீது எனக்கு முதல் சந்தேகம் விழுந்தது அவன் குளித்த குளிப்பில்தான்.

அவன் பன்விலத் தோட்டத்துப் பிள்ளை. அங்கே லயத்து வீடுகளுக்கு மேற்பக்கம் பீலி இருக்கிறது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கும். மூடுவதற்கு ஒரு குழாய்கூடக் கிடையாது. அந்தத் தண்ணீரில் தலை நனைத்து வளர்ந்தவன், கண்டி மஹியாவையில் எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாள் என்ன செய்தான் தெரியுமா? காலித் துறைமுகத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த பிள்ளை, பன்விலப் பாதையில் மண் சரிந்து போக வழியில்லாமல் இங்கே தங்குகிறானே என்று நான் பெரிய வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தேன். அவன் அதைத் தொடவில்லை. "ஒரு கேத்தல் தண்ணி இருந்தாப் போதும் அம்மாயி" என்றான். அந்த ஒரு கேத்தலிலும் கொஞ்சம் மிச்சம் பிடித்து, அதில் தன் பனியனை அலசிக்கொண்டு வந்தான்.

இப்படிக் குளிக்கிற ஆளை அதற்கு முன் நான் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். நான் கொழுந்து பறித்த தோட்டத்தில் கறுப்பையா என்று ஒருவர் இருந்தார். யாரோ செய்த களவுக்குச் சிறையில், எங்கள் பேச்சில் மறியலில், கிடந்துவிட்டு வந்தவர். வந்த பிறகு சாகும்வரை அவர் பீலிக்கடியில் நிற்கவே இல்லை. ஓரமாகக் குந்திக்கொண்டு பால்டின்னில் அள்ளி அள்ளி ஊற்றிக்கொள்வார். உள்ளே தண்ணீரை அளந்துதான் கொடுப்பார்களாம். உடம்பு அதையே பழகிக்கொண்டது.

இவனும் உள்ளே இருந்தவன்தான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

யாரோ ஒருவன் என்றால் நான் ஏன் அவனுடைய குளிப்பைப் பார்க்கப் போகிறேன்? என் பேத்தி நிஷாந்தினி, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். அவளுடைய அப்பன் தீபாவளிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனவன். அதற்குப் பிறகு எத்தனையோ தீபாவளி வந்தது, அவன் வரவில்லை. என் மகள் குவைத்தில் ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டிருக்கிறாள். "நீயே பாத்துச் சொல்லும்மா, நீ சரின்னா எனக்கும் சரி" என்று போனில் சொல்லிவிட்டாள். ஆக, சரி சொல்ல வேண்டிய வாய் என்னுடையது. எழுத்து அறியாத வாய். கையெழுத்து வைத்துவிட்டுப் பிறகு வாசித்துப் பார்க்கிற வசதி எனக்கு இல்லை. அதனால் அந்த வாயைச் சுலபத்தில் திறப்பதில்லை.

அன்றைக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை வாங்கியவன் கைலேஞ்சியை நனைத்துப் பிழிந்து, மடித்து மேசையில் போட்டு, அதன்மேல் கோப்பையை வைத்தான்.

"அது என்னா தம்பி?"

"ஈரத்துணி மேல வச்சா நழுவாது அம்மாயி."

"எங்க வீட்டு மேச எங்க ஓடப் போகுது?"

சிரித்தான். "பழகிப் போச்சு."

சீனிப் போத்தலை எடுக்க அலுமாரியைத் திறந்தான். எடுத்ததும் கதவைச் சாத்தி, நாங்கள் வருடக்கணக்காகப் போடாத கொக்கியைத் தேடிப் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். கொக்கி போடுகிற வீட்டில் பழகியிருக்கிறான் என்று அதையும் மனதில் வைத்துக்கொண்டேன்.

அவன் சொன்ன கதை வேறு. கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலின் குசினியில் வேலை பார்த்தானாம். பக்கத்து மருந்துக்கடையில்தான் நிஷாந்தினி வேலைக்கு நிற்கிறாள். கையைச் சுட்டுக்கொண்டு களிம்பு வாங்கப் போனதில் பழக்கம். அந்த ஹோட்டலுக்கு ஒரு கிழட்டு வெள்ளைக்காரத் தொரையும் தொரைசானியும் வந்தார்களாம். அவர்களுக்குச் சொந்தமாக ஒரு பாய்மரப் படகு. அது காலித் துறைமுகத்தில் பழுதுபார்க்க நிற்கிறது. அது சரியாகும்வரை மலைநாடு பார்க்க வந்திருக்கிறார்கள். இவனுடைய தேங்காய் ரொட்டியையும் கட்டச்சம்பலையும் தின்றுவிட்டு, தொரைசானி குசினிக்கே வந்து, "தரை ஆடினாலும் இதைச் சுடுவாயா?" என்று கேட்டாளாம். அதுவரை வாழ்நாளில் கடலைச் சரியாகப் பார்த்திராதவன், சுடுவேன் என்று சொல்லிவிட்டுக் கூடப் போய்விட்டான்.

பன்விலயில் அவனுடைய அம்மா பாலம்மா அழுது தீர்த்துவிட்டு, தான் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற மஞ்சள் தார்ப்பாய்ப் படங்கைக் கொடுத்து, "மழைக்குப் போத்திக்க" என்று அனுப்பினாளாம்.

இதைக் கேட்டுவிட்டு எங்கள் அடுத்த வீட்டு ரமேஸ், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன், சும்மா இருப்பானா?

"அம்மாயி, இந்தக் காலத்துல எவன் பாய் கட்டி ஓடுறான்? நம்ம நாட்டுல படகுல போறதுன்னா களவா ஆஸ்திரேலியாவுக்குத்தான். அங்கயும் போய்ச் சேர மாட்டாங்க. பிடிச்சு ஒரு தீவுல போட்டு வச்சிருந்து திருப்பி அனுப்புவாங்க. அத இந்தாளு தீவு தீவா சுத்தினேன்னு சொல்றாரு!"

என் எண்ணத்தில் இருந்ததை அவன் வாய் சொல்லிவிட்டது. படகு, தீவு, அளந்த தண்ணீர், கொக்கி. எல்லாம் பொருந்துகிறதே.

எனக்குத் தொரைமாரைப் பற்றியும் தெரியும். எங்கள் ஆயா காலத்திலிருந்து பங்களாத் தொரைகளைப் பார்த்த வம்சம் நாங்கள். வீடு இல்லாத தொரையை நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் அவனை உட்கார வைத்துக் கேட்டேன்.

"அந்தத் தொரைக்கு வீடு வாசல் இல்லையா?"

"படகுதான் வீடு அம்மாயி. உள்ளுக்கே குசினி, படுக்கை, எல்லாம் இருக்கு. வருசம் பூரா தீவுக்குத் தீவு போறதுதான் அவங்க வாழ்க்க."

"எஞ்சின் இல்லையா?"

"இருக்கு, சின்னது. துறைமுகத்துக்குள்ள நுழையத்தான். நடுக்கடல்ல காத்துதான்."

"காத்து இல்லாட்டி?"

"அப்படியே நிக்க வேண்டியதுதான். கடல் நம்ம கண்டி வாவி கணக்கா அசையாமக் கெடக்கும். பாய் தொங்கிப் போயிரும். அந்த நாள்ல நாங்க மூணு பேரும் பேசிக்கவே மாட்டோம்."

"ஏன்?"

"பேசினா சண்ட வந்துரும்."

அது மட்டும் நிஜம்போலக் கேட்டது. மனிதர் மூன்று பேரை ஒரு காம்பராவுக்குள் போட்டால் அப்படித்தான் நடக்கும். ஆனால் அடுத்து ஒன்று சொன்னான் பாருங்கள். விடிந்து மேல்தட்டுக்குப் போனால் பறக்கிற மீன்கள் விழுந்து கிடக்குமாம். பொறுக்கி வந்து பொரிப்பானாம்.

"மீனு தானா வந்து விழுந்துச்சா?"

"ஆமா அம்மாயி."

"நேரா சட்டியிலயே விழுந்துச்சா, இல்ல கொஞ்சம் தள்ளி விழுந்துச்சா?"

நிஷாந்தினி உள்ளே இருந்து, "அம்மாயி!" என்று சத்தம் போட்டாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவனுக்குக் கோபம் வர வேண்டாமா?

தீவுக்குள் நுழைவதைப் பற்றிச் சொன்னபோது மட்டும் அவன் முகம் மாறிற்று. தீவுகளைச் சுற்றித் தண்ணீருக்கடியில் முருகைக்கல், பவளப்பாறை, வேலிபோல நிற்குமாம். வெயில் தலைக்கு நேரே வந்த பிறகுதான் உள்ளே போவார்களாம். இவன் முன்னால் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கையால் காட்ட, பின்னால் தொரை சுக்கானைத் திருப்புவார். கடுநீலம் என்றால் ஆழம். வெளிர்பச்சை என்றால் மணல், மெதுவாக. தவிட்டு நிறம் கண்டால் அது கல். படகின் வயிற்றைக் கிழித்துவிடும். "கொழுந்து பாத்த கண்ணு எங்கம்மாவோட கண்ணு, அது எனக்கும் கெடச்சிருக்கு" என்றான். அதைச் சொல்லும்போது அவனுடைய வலது கை தானாக உயர்ந்து, இல்லாத கல் ஒன்றைக் காட்டியது. அந்தக் கையைப் பார்த்தேன். கயிறு அறுத்துக் காய்த்த கை. மறியலிலும் கயிறு திரிக்க விடுவார்கள் என்று கறுப்பையா சொல்லியிருக்கிறார்.

தண்ணீருக்கும் காரணம் சொன்னான். படகில் நல்ல தண்ணீர் என்றால் தொட்டியில் இருப்பது மட்டும்தான். மழை பெய்தால் அம்மாவின் மஞ்சள் படங்கை மேலே விரித்துக் கட்டித் தண்ணீர் பிடிப்பார்களாம். ஆளுக்கு இவ்வளவு என்று கணக்கு.

"அப்ப நம்ம ஊர்லயும் ஏன் அப்படிக் குளிக்கணும்?"

"கை தானா நின்னுருது அம்மாயி."

நான் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "இன்னொரு தடவ போய்ட்டு வாங்க. தையில பரிசம் போடலாம். எந்த நாள் வருவீங்க?" என்று கேட்டேன்.

"நாள் சொல்ல ஏலாது. காத்தப் பொறுத்தது."

"காத்துகிட்ட நாள் கேட்டா முகூர்த்தம் குறிக்கிறது?"

"தைக்கு முந்தி வந்துருவேன் அம்மாயி" என்றான். தீபாவளிக்கு வருகிறேன் என்றவன் குரலும் இதே போலத்தான் இருந்தது. வெள்ளையாக, ஒரு சுருக்கமும் இல்லாமல்.

அவன் போனான். முதல் பயணத்தில் வாரக்கணக்காகப் பேச்சே இருக்காது; சிக்னல் உள்ள தீவு ஒன்று வந்தால் ஒரு தடவை பேசுவான், பிறகு மறுபடியும் ஊமை. இந்த முறை முதலில் அப்படித்தான் இருந்தது. பிறகு திடீரென்று ஒவ்வொரு நாளும் பேசத் தொடங்கினான். "இன்னைக்கு ஒரு புதுத் தீவு" என்பான். "இங்க ஆளே இல்ல, நண்டு மட்டுந்தான்" என்பான். நிஷாந்தினி போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுவாள். நான் அடுப்படியில் இருந்தபடியே கேட்பேன். ஆளே இல்லாத தீவில் சிக்னல் கோபுரத்தை நண்டா கட்டிக் கொடுத்தது?

அதைவிட ஒன்று. அவன் பேசும்போது பின்னால் பள்ளிவாசல் பாங்கு கேட்கும். கேட்கட்டும், தீவுகளிலும் முஸ்லிம் சனம் இருக்கும். ஆனால் ஒவ்வொரு நாளும் அதே குரல். கொஞ்சம் மூக்கடைத்த, வயதான குரல். தொடங்குவதற்கு முன் ஒலிபெருக்கியில் ஒரு இருமல். இன்றைக்கு ஒரு தீவு, நாளைக்கு ஒரு தீவு என்கிறான். இருமல் மட்டும் எல்லாத் தீவுக்கும் கூடவே போகுமா?

இவன் கடலில் இல்லை. ஏதோ ஒரு பள்ளிவாசலுக்குப் பின்னால், ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அந்த வாரம் ரமேஸ் வந்து சொன்னான். "அம்மாயி, அக்குறணைச் சந்தியில ஒருத்தனக் கண்டேன். அச்சு அசல் நம்ம கப்பல்காரன். சத்தம் போட்டேன், திரும்பல."

அக்குறணை என்றால் இங்கிருந்து மாத்தளை பஸ்ஸில் ஏறினால் கொஞ்ச நேரம். பள்ளிவாசல் நிறைந்த ஊர். அங்கே வேறு ஒரு குடும்பம் வைத்துக்கொண்டு, எங்கள் பிள்ளையிடம் தீவுக்கதை அளக்கிறானா? நிஷாந்தினியிடம் வாய் திறக்கவில்லை. கால் வலிக்கு எண்ணெய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அக்குறணையில் எனக்கு ஒரே ஒரு ஆளைத் தெரியும். முனாப் ஹாஜியார். கயிறு, சாக்கு, படங்கு விற்கிற கடை. நான் தோட்டத்தில் இருந்த காலத்தில் படங்கு வாங்கியது அவர் வாப்பாவின் கையில். என்னைக் கண்டதும் எழுந்து கதிரையைத் துடைத்துப் போட்டார்.

"இரிங்க பாட்டிமா. படங்கு கட்டுற வயசு தாண்டிட்டே, என்த வேணும்?"

"படங்கு வேணாம் ஹாஜியார். ஒரு ஆளத் தேடி வந்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். குளிப்பு, கொக்கி, ஈரத்துணி, பாங்கு, இருமல். அவர் சிரிக்கவும் முடியாமல் சிரிக்காமல் இருக்கவும் முடியாமல் தாடியைத் தடவினார்.

"இங்க பள்ளி எத்தன ஈக்கிது தெரியுமா? இருமுற மோதினார் எத்தன பேர் ஈக்கிறாங்க? நான் எங்கெண்டு தேட?" என்றவர், கொஞ்சம் யோசித்து, "அந்தப் பாங்கு எப்ப கேக்குது? பொழுது படுறப்பவா?" என்று கேட்டார்.

"பொழுது பட்டு, இங்க மஹியாவைப் பள்ளியில பாங்கு சொல்லி முடிச்சு, நான் விளக்கு வச்சு, சோத்த அடுப்புல ஏத்தின பொறகுதான் அங்க கேக்கும்."

ஹாஜியார் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "எல்லா நாளும் அப்படியா?"

"எல்லா நாளும்."

"அப்ப அது அக்குறணை இல்ல பாட்டிமா. எங்கட பாங்கும் உங்கட பாங்கும் ஒரே நேரம்தான். எங்களுக்குப் பொறகு பொழுது படுற எடம் அது. மேக்கால ஈக்கிது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் வீடியோவில் பேசும்போது எங்கள் ஜன்னல் இருட்டியிருக்கும். அவன் முகத்தில் இன்னும் வெயில் இருக்கும். விளக்கு வைக்கப் போகையில் நான் அதைப் பார்த்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

"மாலைதீவாத்தான் ஈக்கும்" என்றார். "என்ட தங்கச்சிட மகன் பஹீம் அங்கதான், தெற்குக் கோடியில ஒரு தீவுல கடையில நிக்கிறான். வார படகுகளுக்குச் சாமான் குடுக்கிறதே அவன்தான். கேப்பமே."

போனை எடுத்து, நானும் கேட்கும்படி சத்தமாக வைத்தார்.

"மாமா?"

"பஹீம், அங்க பாய்மரப் படகு ஒண்டுல நம்மட நாட்டுப் பொடியன் ஒருத்தன் ஈக்கிறானா? பன்விலப் பொடியன்."

"மோகனா? மஞ்சள் படங்கு கட்டின படகு? ஓ மாமா, இந்தா எனக்கு முன்னுக்குத்தான் நங்கூரத்துல நிக்குது. மூணு மாசம் தாண்டிட்டு."

"தனியவா?"

"தனியத்தான். வெள்ளக்காரருக்கு நெஞ்சு வலி வந்து பிளேன்ல கொண்டு போயிட்டாங்க. அவர்ட மனுசியும் கூடப் போயிட்டா. இவன்ட விசாப் பேப்பர் முடிஞ்சிட்டு, கரையில எறங்க ஏலா, படகுலயே ஈக்கலாம். நான்தான் தோணியில சாமான் கொண்டு போறேன். ஊருக்குப் போடா, டிக்கெட் போட்டுத் தாரதா அந்த மனுசி செல்றாவே எண்டா கேக்கிறான் இல்ல. காத்து மாறினா நங்கூரம் இழுபடும், ஆளில்லாட்டி படகு கல்லுல ஏறிடும், பாத்துக்கிறேண்டு வாக்குக் குடுத்திட்டேன் எண்டுறான். தண்ணி முடியுற நேரம் மழை பெய்தா படங்க விரிச்சிட்டு ஆடுறான் மாமா, பைத்தியக்காரன்."

ஹாஜியார் என்னைப் பார்த்தார்.

"நான் சொன்னேன்ல ஹாஜியார், மறியல்தான்னு" என்றேன். "செவரு மட்டும்தான் இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் ஒரு பக்கம் சாயவில்லை. வேறு குடும்பம் இல்லை, அது ஆறுதல். ஆனால் பொய் சொல்லியிருக்கிறான். நங்கூரத்தில் கட்டிப்போட்ட படகில் உட்கார்ந்துகொண்டு, தினம் ஒரு புதுத் தீவு என்று என் பேத்தியிடம் கதை சொல்லியிருக்கிறான். நல்ல காரணத்துக்குச் சொன்ன பொய்யா, கெட்ட காரணத்துக்குச் சொன்ன பொய்யா என்பது இரண்டாவது. இவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவன் நாளைக்கும் சொல்வான். எனக்குத் தெரியும் என்பதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. ஹாஜியாரிடமும், அந்தப் பொடியனுக்குத் தெரிய வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கேட்பதற்கு ஒரு நாள் வரும்.

தொரையின் மகன் வந்து படகைப் பொறுப்பெடுத்ததும் மோகனராஜ் வந்து சேர்ந்தான். சொன்னபடி தைக்கு முந்தி. கறுத்து, கன்னம் ஒட்டி, பார்த்தால் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துப் பெண் கொடுக்க முடியாது.

பரிசம் போடுகிற அன்று அவனுடைய அப்பா இருளப்பன், பாலம்மா, சொந்தக்காரர் சிலர் பன்விலயிலிருந்து வந்தார்கள். இங்கே ரமேஸும் அக்கம்பக்கமும். பாயில் தட்டுகளை வரிசையாக வைத்தார்கள்: தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், சேலை. இருளப்பன் வெற்றிலைத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் என் பக்கம் நீட்டினார்.

நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

"வாங்கிக்கங்க அம்மா" என்றார் அவர்.

"வாங்குறேன். அதுக்கு முந்தி தம்பிகிட்ட ஒண்ணு கேக்கணும். சபையில கேக்குறேன், சபையிலயே சொல்லட்டும்." அவன் பக்கம் திரும்பினேன். "போன தடவ எந்தெந்தத் தீவுக்குப் போனீங்க தம்பி? எல்லாரும் கேக்க ஆசைப்படுறாங்க, சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கதை கேட்கத் தயாரானார்கள். பாலம்மா பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். பொய் சொல்வதற்கு அதைவிட வாகான இடம் கிடைக்காது. நான் வேண்டுமென்றே அமைத்துக் கொடுத்த இடம்தான். தொடர்ந்து சொன்னானென்றால் தட்டு திரும்பிப் பன்விலவுக்குப் போகும். நிஷாந்தினி அழுவாள். அழட்டும்; அவளுடைய அம்மா அழுததைவிடக் கொஞ்சமாகத்தான் இருக்கும்.

"மொதல்ல வடக்க ஒரு தீவு..." என்று தொடங்கினான். "அங்கேருந்து தெற்கால..."

நிறுத்தினான். கையில் தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தது. அதை வைக்க இடம் தேடுவதுபோலப் பார்த்தான். பிறகு கதவோரம் நின்ற நிஷாந்தினியைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இல்ல அம்மாயி" என்றான். "ரெண்டு தீவுதான் போனோம். பொறகு தொரைக்கு ஏலாமப் போச்சு. நான் நங்கூரத்துலயே நின்னேன். மிச்சம் எல்லாம் சும்மா சொன்னது. முந்தின பயணத்துல பாத்ததத்தான் மாத்தி மாத்திச் சொன்னேன்."

இருளப்பன் நீட்டிய தட்டை என்ன செய்வதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார். ரமேஸ்கூட வாயை மூடிக்கொண்டிருந்தான். அது ஒரு அதிசயம்.

"ஏன் சும்மா சொன்னீங்க?"

"உண்மையச் சொன்னா நிஷா 'வந்துருங்க'ன்னு சொல்லுவா. அவ சொன்னா நான் வந்துருவேன்."

"வர வேண்டியதுதானே? ஒரு தொரையோட படகு. நம்ம சனம் தொரைமாருக்குக் காவல் கெடந்தது போதாதா?"

அவனுக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. "தொரைன்னு நிக்கல. பாத்துக்கிறேன்னு சொன்னேன், நின்னேன். போட்டுட்டு வந்திருந்தா, இன்னைக்கு அத விட்டுட்டு வந்தவன் நாளைக்கு இவளையும் விட்டுட்டுப் போவான்னு மொத ஆளா நீங்கதான் சொல்லுவீங்க!"

சொல்லியிருப்பேன். அது உண்மை.

அந்தக் கோபத்தைத்தான் நான் அவ்வளவு நாளும் தேடிக்கொண்டிருந்தேன். எழுந்து அடுப்படிக்குப் போனேன். எல்லோரும் நான் கோபித்துக்கொண்டு போகிறேன் என்று நினைத்தார்கள். பாலம்மா "அம்மா, அம்மா" என்று பின்னாலேயே வந்தாள். நான் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து, மடித்துக்கொண்டு வந்து அவன் முன்னால் போட்டேன்.

"கோப்பைய வைங்க மாப்பிள. எவ்வளவு நேரம் புடிச்சிக்கிட்டு நிப்பீங்க?"

பிறகு உட்கார்ந்து இருளப்பன் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டேன்.

எல்லோரும் போன பிறகு நிஷாந்தினியிடம், அவள் மனம் நொந்திருப்பாளே என்று மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்கிறாள்:

"எனக்கு அப்பவே தெரியும் அம்மாயி. அவரு அனுப்புற போட்டோ எல்லாத்துலயும் பின்னால ஒரே தென்ன மரம். இடது பக்கமா வளைஞ்சது."

"தெரிஞ்சுகிட்டா சும்மா இருந்த?"

"வந்து தானாச் சொல்றாரா, இல்லையான்னு பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க அவசரப்பட்டுட்டீங்க."

என்னை அவசரக்காரி என்று சொன்ன முதல் ஆள் அவள்தான். என் பேத்திதான், சந்தேகமே இல்லை.

கல்யாணம் ஆவணியில். தொரை தேறி எழுந்து, நடுக்கடலிலும் சிக்னல் பிடிக்கிற தட்டு ஒன்றைப் படகில் பூட்டிவிட்டார். மோகனராஜ் கடைசியாக ஒரு பயணம் என்று சொல்லிப் போயிருக்கிறான். கடைசி என்று அவன் சொல்கிறான், நான் சொல்லவில்லை. நான் விதித்தது ஒரே ஒரு சட்டம். பேசுகிற ஒவ்வொரு தடவையும், நிஷாந்தினியிடம் ஒரு வார்த்தை சொல்வதற்கு முன்னால், போனை என்னிடம் சுற்றிக் காட்ட வேண்டும்.

நேற்றும் பேசினான். "சுத்திக் காட்டுங்க மாப்பிள" என்றேன். காட்டினான். தண்ணீர். தண்ணீர். கயிறு. காற்றில் உப்பிய பாய், அதற்குக் கீழே பாலம்மாவின் மஞ்சள் படங்கு. மறுபடி தண்ணீர். கரை இல்லை, மரம் இல்லை, இருமல் சத்தமும் இல்லை. கடைசியில் சட்டியையும் காட்டினான். அதில் இறக்கை மாதிரி செட்டை வைத்த மீன் ஒன்று கிடந்தது.

"நேரா இதுலயே விழுந்துச்சு அம்மாயி" என்றான்.

சிரித்துவிட்டேன். என்றாலும் இன்னொரு தடவை சுற்றிக் காட்டச் சொன்னேன். இந்தத் தடவை மெதுவாக.